சிவப்புச் சட்டைக்காரன் மலையேறிய ஞாயிற்றுக்கிழமைகள்

சூடேறிய டீவிப் பெட்டியிலிருந்து வரும் அந்தத் தூசி வாசனை... கூடவே சிவப்புச் சட்டைக்காரன் குதிக்கும்போது கேட்கும் "டொய்ங்" சத்தம். எண்பதுகளின் நடுவில் என் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த இரண்டோடுதான் தொடங்கும்.

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் ரபீக் நானாவின் ரேடியோ கடை. சவூதியிலிருந்து வந்த அவர் மச்சான் ஒரு டீவி கேம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நானா அதைக் கடையின் பின்பக்கம் வைத்து, அரை மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

ஓ லெவல் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. எல்ல ஊர்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டம். என் பெயரைப் பதிந்து கொழுந்து பறிக்க அனுப்ப அம்மா தயாராக இருந்தார். எனக்கோ கூடை தூக்கவே கூடாது என்று ஒரே பிடிவாதம்.

நானா முதல் நாளே சொல்லிவிட்டார். "இங்க பாருங்க புள்ள, இது ஓடினா நீங்களும் இருப்பீங்க. ஓடல்லண்டா மெஷினை வித்துருவேன். பொறகு உங்களுக்கு இங்க வேல இல்ல."

டவுன் பொடியன்கள் கார் ரேஸ் ஆட வருவார்கள். பாயிண்ட்ஸ் மேலே ஏற ஏறச் சண்டை வேறு. இன்னொரு கேசட்டை அவர்கள் சீண்டவே மாட்டார்கள். அதில், மலையில் தொலைந்துபோன ஒரு பிள்ளையைத் தேடிச் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் ஏறுவான். வழியில் ஆறு, ஆடும் பாலம், உருண்டு வரும் கல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஆளில்லை. சும்மா இருப்பானேன் என்று அதைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன். சாமான் வாங்க டவுனுக்கு வந்த எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னை எட்டிப்பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமான பிறகுதான் எழுந்தார்கள்.

அடுத்த ஞாயிறு நேரே கடைக்கே வந்துவிட்டார்கள். மெஷினைப் போட்டேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்டி, போன வாரம் ஆத்தத் தாண்டிட்டான்ல? மறுபடி ஏன் அடிவாரத்துல நிக்கிறான்?"

"எப்பப் போட்டாலும் மொதல்ல இருந்துதாக்கா வரும்."

"அது என்ன நியாயம்? நம்ம கோயில்ல கூத்து வச்சா, நேத்து விட்ட எடத்துல இருந்துதானே இன்னைக்கு ஆடுவாங்க?"

அதற்கடுத்த வாரத்திலிருந்து நேரத்தோடே கடைக்குப் போய்விடுவேன். அவனைப் போன வாரம் விட்ட இடம் வரை ஏற்றி, கல் விழாத ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் அவன் நடப்பான்.

"கல்லு வருதுடி, குதி..."

"அவசரப்படாத. பாலம் ஆடுது, நிக்கட்டும்."

பாயிண்ட்ஸை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

பொடியன்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா, இது கேமே இல்ல. படம் ஓட்டுறாங்க. நாங்க எப்ப ஆடுறது?"

நானா பின்பக்கம் வந்து நின்றார். "படமெண்டா எல்லாருக்கும் டிக்கெட் போடணும். கேமெண்டா ஆடுற ஆள் காசு தரணும். ஆடுறது நம்மட புள்ள. இதுல எனக்கு என்ன லாபம்?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஜாய்ஸ்டிக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். மறுநாள் காலையே கூடை தூக்கவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்லம்மாக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "நாங்க படம் பாக்க வரலைங்க மொதலாளி. நாங்கதான் ஆடுறோம். இவ சும்மா குச்சியப் புடிச்சிருக்கா. ஆடுற காச வாங்கிக்கங்க."

மற்றவர்களும் முடிச்சை அவிழ்த்தார்கள். நானா காசை எண்ணி வாங்கிக்கொண்டார்.

"அப்ப கேம்தான்" என்றார். பொடியன்களை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டார்.

மழையோ பனியோ, ஞாயிறு தவறாமல் வந்தார்கள். அந்த மெஷின் பழுதாகிப் போனபோது நான் ஏற்கெனவே முன்பக்கம் கேஷ் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் வந்த வாழ்க்கை எல்லாமே அந்தக் கடையிலிருந்து வந்ததுதான்.

இப்போது என் மகன் ஆடும் கேமில் பாதி நேரம் ஆட்கள் பேசுகிறார்கள், அழுகிறார்கள். இவன் இடையிடையே ஒரு பட்டனை அமுக்குகிறான். இது கேமே இல்லை, சினிமா என்று அவன் கூட்டாளி சண்டை பிடிக்கிறான். கோடிக்கணக்கில் லாபமாம். யாரோ ஒருவர் ஆடுவதைப் பார்க்கவே லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போனபோது செல்லம்மாக்காவைப் பார்த்தேன். அந்தக் கதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மொதல்ல கதைக்குத்தான் வந்தோம். மொதலாளி லாபம் கேட்டாரே, அன்னைக்கு ஒம் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கப்புறம் அவன் மல ஏறுனா என்ன, எறங்குனா என்ன... நம்ம லயத்துப் புள்ள நாக்காலியில இருந்து எந்திரிச்சு கூடை தூக்க வந்துறக் கூடாதுன்னுதான் வந்தோம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.