மனு போட்ட மூன்று நாள்

மகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். போன வாரம் வீட்டுப்பாடத் தாளில் முக்காடு போட்ட ஒரு கன்னியாஸ்திரீ படம்.

"டாட், டூ யூ நோ ஹர்?"

"தெரியும்மா. அவங்களப் பாக்கக்கூடப் போயிருக்கேன்."

"ஷீ இஸ் டெட், டாட்!"

அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

படத்தைப் பார்த்ததுமே தைல வாசனை மூக்கில் ஏறிவிட்டது. தொண்ணூற்றாறு வாக்கில், அமெரிக்கா வந்த புதிதில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஓட்டலில் நான் தோசை மாஸ்டர். மாஸ்டர் என்பதெல்லாம் பெருமைக்கு. பாதி தோசை கல்லோடு போய்விடும். பாத்திரம் கழுவிய சேவியர் அண்ணன் தூத்துக்குடிக்காரர். ஓட்டல் மாடியில் இருவருக்கும் ஒரே அறை. இருவருக்குமே விசா முடிந்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணன் இருமினால் ரத்தம் வந்தது.

"ஆஸ்பத்திரி போவோம்ணே."

"பேப்பர் கேப்பான், புடிச்சுக் குடுத்துருவான். சும்மா கெட லேய்."

நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "இங்க ஒரு அம்மா உண்டு. கோடீஸ்வரன் மவ. அப்பன் சொத்து முழுசையும் ஏழைங்களுக்கே குடுத்துட்டாவ. கேட்டா இல்லன்னு சொல்லமாட்டாவ. மனு எழுதிப் போட்டிருக்கேன்."

மனு என்றால் எனக்குத் தெரிந்தது கலெக்டர் ஆபீஸ் மனுதான். ஊரில் வருஷக்கணக்காகும், இது அமெரிக்கா, சட்டென்று வந்துவிடுவார் என்று நம்பினேன். அறையைக் கூட்டினேன். அந்த அம்மாள் உட்கார ஓட்டலிலிருந்து நாற்காலிகூடத் தூக்கி வந்தேன். பணக்காரர் அல்லவா, துடைத்தும் வைத்தேன்.

மூன்று நாள் ஆயிற்று. யாரும் வரவில்லை. அண்ணனுக்கு மூச்சு இழுத்தது. அவர் போகும் சர்ச்சுக்குப் பனியில் ஓடி, பாதிரியாரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன்.

"ரிச் மேடம் வேர்? மை பிரதர் சிக்!"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மெழுகுவர்த்திக்கு மேலே, முக்காடு போட்டபடி படத்தில் இருந்தார் அந்த அம்மாள். கீழே தட்டில் அண்ணன் எழுதிய தாள், மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது.

பாதிரியார் தன் காரிலேயே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே யாரும் பேப்பர் கேட்கவில்லை. "வை டிட் யூ வெயிட்?" என்றுதான் டாக்டர் கேட்டார். எந்த இங்கிலீஷில் சொல்வேன்? மறுநாள் காலை அண்ணன் போய்விட்டார்.

ஓட்டலை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அண்ணனைப் புதைத்த இடத்தில் நட்ட மரச்சிலுவையும் மக்கிப் போய்விட்டது. எது அவர் குழி என்று அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு புல்தரையில் குத்துமதிப்பாக நின்று, "மன்னிச்சுக்கண்ணே" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.