கேட்டால்தான் சொல்லும் நோயாளி

மருத்துவக் கல்லூரியின் தேர்வுக் கூடத்தில் ஒரு நோயாளி இருக்கிறார். முன்வழுக்கை, தொங்கிய கன்னம், சட்டைப் பையில் ஒரு பேனா. எத்தனை வருடம் போனாலும் அவருக்கு வயது ஐம்பத்திரண்டுதான். கணினித் திரைக்குள் இருப்பவருக்கு வயதாவதில்லை. மாணவர்கள் மைக்கில் கேள்வி கேட்பார்கள், அவர் உதடசைத்துப் பதில் சொல்வார். யார் என்ன கேட்டார்கள் என்பதை வைத்து மார்க். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மாமா.

மாமாவுக்கு எல்லாக் கேள்வியும் புரிந்துவிடாது. ஒருவன் தடுமாறி ஒன்று கிடக்க ஒன்று கேட்டால் திரையில் அப்படியே விழிப்பார். அப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் உதவியாளப் பெண் பொருத்தமான பதிலைத் தேர்ந்து பொத்தானை அழுத்துவாள். பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவள். மாமா பேசாத இடத்தில் பேசுவதுதான் அவள் வேலை.

அதற்கு ஒரே விதி: கேட்டதற்கு மட்டும் பதில். "களைப்பா இருக்கு டாக்டர்" என்று மாமா தொடங்குவார், அதோடு நிறுத்திக்கொள்வார். உடம்பு இளைத்ததையும் மலத்தில் ரத்தம் போவதையும் தானாகச் சொல்ல மாட்டார். குடலில் கட்டி. கேட்டவர்கள் தேறினார்கள். கேட்காதவர்கள் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டு, வெளியே வந்து அவளிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

"என்னக்கா, உங்க மாமா வாயைத் திறக்கவே மாட்டேங்குறாரு?"

"கேட்டாத் திறப்பாரு."

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கான்னு கேட்டேனே!"

"அப்படிக் கேட்டா யாருப்பா சொல்லுவாங்க? எங்க வீட்டுக்காரர்கிட்ட வேற ஏதாவது வேணுமான்னு கேட்டா ஒண்ணும் வேண்டாம்பாரு. அப்புறம் என் தட்டுல கை வைப்பாரு."

வேலையிடத்துக் கேள்விகள் வீட்டுக்கும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரி இருமினால் சளியின் நிறம் என்ன என்று இவள் கேட்பாள். மாடிப்படியில் மூச்சு வாங்கியவரை நிறுத்தி, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்பாள். சொந்தக்காரர்கள் 'அரை டாக்டர்' என்று பட்டம் கட்டினார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கணவனின் அக்கா ஒருமுறை மெலிந்து வந்து நின்றார். இவள் சும்மா இருப்பாளா? கேள்வி மேல் கேள்வி. நாத்தனார் வெலவெலத்துப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறினார். சோதனைக்கு ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். பழைய பள்ளித் தோழிகள் ஒன்றுகூடும் நாளுக்குள் மெலிய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தாராம். அதை வெளியே சொல்ல வெட்கம்.

"பொம்மைக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிறவ எனக்கு நோய் கண்டுபிடிக்கிறா!" வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதுதான் நாத்தனார் இதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கணவனும் சிரித்தபடி கையெடுத்துக் கும்பிட்டான். "தாயே, இனிமே நம்ம வீட்டுல யாரையும் கேள்வி கேக்காதே."

அன்றோடு நிறுத்திவிட்டாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் ஓடாத வீட்டுக்குத்தான் என்னைக் கூப்பிடுறாங்க. ஊரெல்லாம் லிஃப்ட்ல போகுது, அதை ஓட்டி விடுறவன் படி ஏறியே சாகுறான்" என்பது அவன் வழக்கமான புலம்பல். பிறகு புலம்பலும் குறைந்தது. வந்ததும் படுத்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆணியும் சுத்தியலும் எடுத்து வைத்துக்கொண்டு பெல்ட்டில் புது ஓட்டை போட்டான்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எத்தனையோ பிள்ளைகள் கேட்கத் தவறிய கேள்வி நாக்கு நுனி வரை வந்தது.

"பார்த்து அடிங்க, தோல் கிழிஞ்சிடப் போகுது" என்றாள்.

அவன் கழிவறையில் நெடுநேரம் இருந்த நாட்களில் கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறாள். திரும்பவும் அரை டாக்டராகி, திரும்பவும் ஒன்றுமில்லை என்று ஆகி, திரும்பவும் அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டுமா? தனக்குத்தான் எதைப் பார்த்தாலும் மாமாவாகத் தெரிகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், அவன் மயங்கி விழுந்தான். கூட வேலை பார்த்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இளம் டாக்டர் ஒருத்தி கட்டிலருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இளைத்தது எப்போதிலிருந்து? போன மழைக்கு முன்பிருந்தே. ரத்தம்? ஆமாம். வயிறு ஒரு நாள் கட்டி, ஒரு நாள் இளகி? ஆமாம். எல்லாப் பதில்களும் தயாராக இருந்தன. மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு இளைச்சிருக்கீங்க, வீட்டுல யாரும் கவனிக்கலையா?" டாக்டர் குத்திக் காட்டக் கேட்கவில்லை.

"நான் வீட்டுல தங்கினாத்தானேம்மா கவனிப்பாங்க" என்றான்.

கட்டி கல்லீரல் வரை பரவியிருந்தது. அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள்.

டாக்டர்கள் போன பிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்லேன்னுதான் சொல்லியிருப்பேன். நீ வேற, என்னைத் தெரியாதா உனக்கு?"

மாமாவின் பதில்கள் முழுக்க அவளுக்கு மனப்பாடம். இது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று மட்டும் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்கவும் துணியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டுமா, தலையணையை உயர்த்தவா என்பதுதான்.

அவன் காரியம் முடிந்த வீட்டில், வந்தவர்கள் கலைந்த பிறகு, நாத்தனார் அவளருகில் வந்து உட்கார்ந்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"என்னை அத்தனை கேள்வி கேட்டியே. என் தம்பியை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேட்டேன் அண்ணி. ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாரு."

நாத்தனார் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லுவான். அழுத்தக்காரன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."