வளையம் போட்ட உள்ளான்

பெரிய கிராணி அவர்களே, முனியாண்டியைச் சிறைக்கு அனுப்பியவர் நீங்கள்.

ஜொகூரில் பறவை விலங்குகளைக் காக்கும் அலுவலகத்தில் நீங்கள் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி, நான் காவலாள். இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். அந்த வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

1. கடிதம்

வடக்கே ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. அங்கே, சேற்றில் மேயும் உள்ளான் பறவைகளின் காலில் நம்பர் அடித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்களாம். பனிக்காலத்தில் அவை எந்தச் சதுப்பில் தங்குகின்றன என்று தெரிந்தால், அந்தச் சதுப்பையும் காக்கச் சொல்லிக் கேட்கலாமாம். பறவை கிடைத்தால் நம்பரை எழுதிக்கொண்டு விட்டுவிட வேண்டும்.

எங்கோ இருப்பவனுக்கு ஜொகூர்ச் சேற்றின் மேல் என்ன அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. உங்களிடம் கேட்டேன்.

"எல்லா நாடும் சேர்ந்து பாக்கிற வேலை காணும். நீர் தோட்டம் தோட்டமாப் போய்ச் சொல்லும்" என்றீர்கள்.

"கண்ணி வச்சவன் பயப்படுவானே ஐயா?"

"சொல்ல வாறவனை ஒண்டும் செய்ய மாட்டம் எண்டு சொல்லும்."

செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது, நம்பரை எழுதிவிட்டுப் பறவையை விடச் சொன்னேன், உங்கள் வாக்கையும் சொன்னேன். "இவ்வளவு நாளா புடிச்சா கறி. இப்ப புடிச்சா கடுதாசியா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

2. கூடை

மூன்று வாரம் கழித்து அந்தத் தோட்டத்துப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் முனியாண்டி, செடெனாக்கில் நான் தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு பிரம்புக் கூடையோடு வந்தான். உள்ளே ஓர் உள்ளான். காலில் வளையம். இறக்கை தொங்கிக் கிடந்தது.

"புடிச்சு எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாளுங்க. தொரையோட பறவையாச்சே, சோறு வச்சேன். தொட மாட்டேங்குது."

"விடத்தானேய்யா சொன்னேன்?"

"நம்பர் போட்டத எப்படிங்க விடுறது? கப்பலேறுறப்ப எனக்கும் நம்பர் போட்டாங்க. தோட்டத்த விட்டு ஓடுனவனப் பாத்துட்டு விட்டா நமக்குல்ல ஒத விழும்? அதான் ஒப்படைக்க வந்தேன்."

இதில் எந்த இடத்தில் அவன் தப்பு செய்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பறவையால் நிற்கவும் முடியவில்லை. அலுவலகத்தில் யாருக்காவது வைத்தியம் தெரிந்திருக்கும் என்று அவனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். அது உங்கள் மேசை மேல் செத்தது.

"இதைக் கூட்டிலை வச்சிருந்தது ஆர்?" என்று கேட்டீர்கள்.

"நாந்தாங்க. எட்டு நாளும் நாந்தான் பாத்துக்கிட்டேன்" என்றான், பெருமையாக. அதையே வாக்குமூலமாக எழுதிக் கைநாட்டு வாங்கினீர்கள்.

3. கோர்ட்டு

காக்கப்பட்ட பறவையை அடைத்து வைத்த குற்றம். தண்டனை இரண்டு வாரம் சிறை. ஒன்றும் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது நான்தான் என்று எழுந்து சொன்னேன். அதற்குக் காகிதம் இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை. நீங்கள் அதே அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

அவன் உள்ளே இருந்தபோதே தோட்டத்தில் பேரை வெட்டி, லயத்து வீட்டைக் காலி செய்தார்கள். அவன் மனைவி அஞ்சலை சட்டி பானையோடு ரோட்டில் நின்றாள். வெளியே வந்தவன் என்னைத் தேடி வந்தான். "நீங்க சொன்னீங்கன்னுதானே வந்தேன்?" என்று மட்டும் கேட்டான்.

அந்த வாரமே சிங்கப்பூர்ச் சந்தையில் உள்ளான்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். உங்களிடம் சொன்னபோது, "அது வேற அரசாங்கம் காணும்" என்றீர்கள். காலையில் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் மேய்ந்தால் அடைத்தவனுக்குச் சிறை. மாலையில் அந்தப் பக்கம் பறந்தால் குழம்பு. எல்லா நாடும் சேர்ந்து பார்க்கும் வேலை இதுதானா? எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

குளிர் நாட்டுக்காரர்கள், நீங்கள் அனுப்பிய வளையத்துக்கு நன்றி சொல்லி உங்கள் பெயருக்குக் கடிதம் எழுதினார்கள். அதை அலுவலகத்தில் உரக்கப் படித்தீர்கள். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்திலிருந்தும் ஒரு வளையம்கூட வரவில்லை. கறிச்சட்டிக்குப் போகுமுன் கழற்றி எறிந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மேலதிகாரியின் வாக்கை ஜனங்களிடம் கொண்டுபோகுமுன் அதை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் போகாதீர்கள்.

பெரிய கிராணி அவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது. சொல்ல வருகிறவனை ஒன்றும் செய்ய மாட்டோம் என்று என்னிடம் சொன்னீர்களா, இல்லையா? உங்கள் பெயரைப் போட்டு இதிலேயே பதில் எழுதுங்கள்.