கழுத்து வரை ஏறும் தண்ணீர்

செங்கல் சூளையில் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மன்னார்குடியை விட்டு வாய்க்கால் கரையோடு நடந்துகொண்டிருந்தேன். பறித்த நாற்றின் பச்சை வாசனை வந்தது; கூடவே அந்தப் பாட்டும் வந்தது. எந்த ஊரில் கேட்டாலும் அதற்கு என் கால் நின்றுவிடும்.

அண்ணனைத் தேடி வெள்ளத்தில் இறங்கும் தங்கையின் கதை அது. தண்ணீர் கணுக்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு என்று ஏறும். குடவாசல் பக்கம், இப்போது வீட்டுமனையாகிவிட்ட வயலில், அம்மா அதைப் பாட, நடவுப் பெண்கள் பின்பாட்டுப் பாடியபடி சளக் சளக்கென்று சேற்றில் பின்னோக்கியே நகர்வார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய வாய்க்கால் நிறைந்து ஓடும். பாட்டு முடிந்தால் அம்மா அந்த வாய்க்காலுக்குள் போய்விடுவாள் என்று பயந்து நான் வரப்பில் நின்று கத்துவேன்.

“அம்மா, போதும் வா!”

“உங்கம்மா போடுற சத்தத்துக்குத் தண்ணியே ஓடிப்போயிரும்டா!” என்று பெண்கள் சிரிப்பார்கள்.

கழுத்து வந்ததும் அம்மா மறுபடி கணுக்காலுக்கே திரும்பிவிடுவாள். முடிவைச் சொல்லாமலே செத்தும் போனாள்.

இப்போது இந்த வயலின் வரப்போரம் நின்று, பாடிய பெண்ணிடம் கேட்டேன். “அந்தப் பொண்ணு கரையேறிடுச்சாக்கா?”

“தண்ணியில நின்னுக்கிட்டு அதைச் சொல்லக் கூடாதுங்க. ஆளு பத்தல, நாளைக்கு நாத்து முடி தூக்க வர்றீங்களா?”

மறுநாள் காலை, நாற்றுக்கட்டு சுமக்கும் அந்த வேலைக்குப் போனேன். வயலில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். பாட்டில் அது கழுத்துக்கு வந்தபோது, தலையில் நாற்றுச் சுமையோடு வரப்பில் ஏறி நின்றுகொண்டேன்.