தக்காளிப் பாத்தியில் வெள்ளைக்கொடி

போன சனிக்கிழமை லைக்கார்ட் பக்கம் ஒரு வீட்டில் கதவு பொருத்தும் வேலை. முடித்துவிட்டு வெளியே வந்தால், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பெண்ணின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பழைய இத்தாலியர் குடியிருப்பைச் சுற்றிக் காட்டுகிறாளாம். நானும் பின்னால் போனேன். இப்படிச் சும்மா பின்னால் போகிற பழக்கத்தால்தான் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது.

ஒரு செங்கல் வீட்டைக் காட்டி, இங்கே ஓர் இத்தாலியக் குடும்பம் ஐம்பது வருடம் வாழ்ந்தது என்றாள். உண்மைதான். அதன் பின்பக்கக் கராஜில் நானும் யேசுதாசனும் இரண்டு வருடம் கிடந்ததை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

யேசுதாசன் பேசாலை என்கிற கடற்கரை ஊர்க்காரன். என்னோடு ஒரே படகில் இந்த நாட்டுக்கு வந்தவன். இருவருக்கும் தற்காலிக விசா; வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஊரில் அவனுக்கு மிஞ்சியிருந்தது அம்மா மட்டும்.

வீட்டுக்காரர் வின்சென்சோ, கொங்கிரீட் வேலையில் முதுகைக் கொடுத்தவர். பின்வளவு முழுக்கத் தக்காளி. இங்கே கோடை முடிகிற பெப்ரவரியில் ஒருநாள் குடும்பமே திரண்டு, விறகு மூட்டி, ஒரு பெரிய பீப்பாயில் தக்காளிச் சாறு நிரப்பிய போத்தல்களை அவிப்பார்கள். அந்தப் புளிப்பு மணம் வந்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

அப்படியொரு நாளில்தான் யேசுதாசனின் அம்மா செத்த செய்தி வந்தது.

"நான் போறன் மச்சான். அம்மாக்கு மண் போடோணும்."

"விசர்க் கதை கதையாதை. போனா திரும்ப ஏலாது. இவ்வளவு பட்டதெல்லாம் கடலுக்கோ?" என்றேன்.

அவன் கட்டில் விரிப்பைக் கிழித்தான். எங்கள் ஊரில் சாவு வீடென்றால் தெருவில் வெள்ளைக்கொடி கட்டுவோம். இங்கே தெருவில் கட்ட யார் விடுவார்கள்? தக்காளிக் கம்புகளில் கட்டினான்.

வின்சென்சோ பார்த்துவிட்டுக் கைதட்டினார். "பிராவோ! பேர்ட்ஸ் நோ கம்!" குருவி விரட்டக் கட்டியதாக நினைத்துவிட்டார். போதாதென்று தன் பழைய சட்டையைக் கிழித்து வந்து அவரும் இரண்டு கட்டினார். சொல்ல வெட்கம்தான், எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யேசுதாசனைக் காட்டி, "ஹிஸ் மதர்... டெட்" என்றேன்.

வின்சென்சோ நெருப்பை அணைக்கச் சொன்னார். "பாதிதான் வெந்திருக்கு!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள் மருமகள். அணைத்துவிட்டார்கள். வளவில் சாவு விழுந்தால் அன்று அடுப்பு எரியக் கூடாதாம், அவர்கள் ஊரிலும். அந்தப் போத்தல்கள் பிறகு புளித்து ஒவ்வொன்றாக வெடித்தன.

அடக்கத்தை யேசுதாசன் கைபேசியில் பார்த்தான். பெட்டியை இறக்கும்போது படம் உறைந்துவிட்டது. கைபேசியை வாங்கித் தட்டிப் பார்த்தேன். மறுபடி வந்தபோது குழி மூடியிருந்தது.

இப்போது அந்த வளவில் சீமெந்து. கராஜுக்குக் கண்ணாடிக் கதவு. வின்சென்சோ செத்து நாலைந்து வருடம். கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. நான் ரயிலுக்கு நடந்தேன்.

போன மாதம்தான் யேசுதாசனுக்கு நிரந்தர விசா கிடைத்தது. டூங்கபியில் இப்போது நான் இருக்கிற வீட்டில், குசினிக் கதிரையில், கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"இனி ஊருக்குப் போட்டு வரலாம்தானே. டிக்கெட் பாக்கட்டோ?" என்றேன்.

"ஆரைப் பாக்கப் போறது?" என்றான்.

அன்று மறித்தவன் நான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் காட்டவில்லை.