நனைய வேண்டிய கண்ணாடி

பம்பாய் செம்பூரில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் மழையும் கிடையாது, தூசியும் கிடையாது. அதனால் அங்கே எல்லாப் பொருளும் சமர்த்தாக இருக்கும்.

நான் செய்வது பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் பொருளாலான சூரிய மின்கலம். சிலிக்கானைப் போல உலையில் உருக்க வேண்டாம். மையைப் போலக் கண்ணாடியில் பூசி, இட்லி வேகும் சூட்டில் காயவைத்தால் போதும். வெயிலில் சிலிக்கானுக்குச் சளைக்காது. ஆனால் ஈரம் பட்டால் தொலைந்தது. கறுப்புப் பூச்சு மஞ்சளாகிவிடும். வீட்டில் மஞ்சள் மங்களம், எங்களுக்கு மஞ்சள் என்றால் கதை முடிந்தது. அதில் கொஞ்சம் ஈயமும் உண்டு என்பதால் கசியவே கூடாது.

பூச்சை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து ஓரத்தைப் பசையால் அடைப்பதுதான் என் ஆராய்ச்சி. பம்பாய் மழையைத் தாங்கினால் என் ஆய்வேடு தேறும். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. "நிஜமான கூரையில் வைத்துப் பார்" என்றார் பேராசிரியர். எனக்குத் தெரிந்த நிஜமான கூரை தாராவியில் அம்மா வீட்டுத் தகரக் கூரைதான்.

உள்ளங்கை அகலக் கலத்தை அங்கே பொருத்தி, ஈயம் கசிகிறதா என்று சோதிக்க, வடியும் தண்ணீரைப் பிடிக்கும்படி ஒரு கேனும் வைத்தேன். மின்சார அளவு என் போனுக்கு வந்துவிடும். கிளம்பும்போது அம்மாவிடம், "இத பத்திரமா பாத்துக்கோ" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வினை.

மழை பிடித்தது. பெய்யும்போதெல்லாம் அளவு பூஜ்யத்துக்கு இறங்கும், விட்டதும் பழையபடி ஏறும். மேக இருட்டு என்று நினைத்துக்கொண்டேன். கலம் அசையவில்லை என்று பேராசிரியரிடம் பெருமையும் அடித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது மழை கொட்டியது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, மழைக்குக் கூரையில் விரிக்கும் நீல பிளாஸ்டிக் தாட்பத்ரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள்.

"எங்கம்மா போற?"

"ஒன் கண்ணாடி நனையுதுல்லா! வெலகுட்டி."

"எப்பவும் மூடுவியா?"

"பின்ன? பத்திரமா பாத்துக்கோன்னு நீதான சொன்ன? ஒரு சொட்டு படவிட்டதில்ல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் அடித்த பெருமையெல்லாம் அந்த பிளாஸ்டிக்குக்குச் சேர வேண்டியது.

"அது நனையணும்மா. நனைஞ்சாத்தான் தாங்குமான்னு தெரியும்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"போனா போவட்டும்."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தாட்பத்ரியை மடித்துக்கொண்டு இறங்கியவள், கூரைப் பக்கம் திரும்பாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அது நிஜமாகவே நனைந்தது. மழையிலும் போனில் சிறிய எண் ஒன்று தெரிந்தது. அந்தச் சிறிய எண்ணைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கணபதிப் பண்டிகைக்குப் போனபோது கூரையேறிப் பார்த்தேன். கலம் முழுக்கக் கறுப்பு. ஒரே ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு மஞ்சள். அங்கே பசை சரியாகப் பிடிக்கவில்லை. பரவாயில்லை, எங்கே தவறு என்று தெரிந்துவிட்டது; அடுத்த கலத்தில் அந்த மூலையைக் கவனித்தால் போதும். இறங்கும்போது மழை ஆரம்பித்தது.

எதிர்வீட்டு அத்தை ஜன்னலிலிருந்து கத்தினாள். "எக்கா, ஒம்மவ சாமான் நனையுது! மூடலியா?"

அம்மா வாசலை விட்டு அசையவில்லை. "நனையட்டும்! எம்மவ ஒட்டினது, தாங்கும்!"

மஞ்சள் மூலையைப் பற்றி நான் அப்போது வாயே திறக்கவில்லை.