வரைபடத்தில் இல்லாத ஓடை

ஹொல்ஸ்டெப்ரோவில் மகள் வீட்டுச் சுவரில் பேரன் ஒரு பழைய வரைபடத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறான். மட்டக்களப்புக்கு மேற்கே உள்ள மலைக்காடும் மேய்ச்சல் தரையும். மலையே இல்லாத டென்மார்க்கில் அது அவனுக்கு அலங்காரம். இதே படத்தின் இன்னொரு பிரதியில்தான் நான் ஒருமுறை விரல் வைத்தேன். பத்து வயதுப் பிள்ளைதானே என்று எவரும் என்னை மன்னிக்க வேண்டாம். கேட்கவும் மாட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாய். படைக்கு இறைச்சி வேண்டுமென்று மாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ச்சனங்களின் மாடெல்லாம் அம்மாவின் தம்பியான மாமாவின் பட்டியில்தான் நின்றன. அவர் அவற்றை மலைக்கு ஓட்டி ஒளித்துவிட்டார். தண்ணீர் இருக்கும் இடத்தை அந்நியருக்குச் சொல்வதில்லை என்பது பட்டிக்காரர் வழக்கம்.

ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து படத்தை விரித்தார். மாமாவும் நானும் மட்டுமே இருந்தோம்.

"மேல தண்ணி இருக்கா?"

"படத்தில இரிக்கா ஐயா? இல்லையே. அப்ப இல்லத்தான்" என்றார் மாமா, சிரிக்காமல்.

படத்தில் மலையின் உயரம் காட்டும் கோடுகளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. "கோடு வளையிற இந்த இடத்தில ஓடை ஓடுது. நம்மட மாடு அங்கதான் குடிக்கிற" என்று விரலை வைத்தேன். அதிகாரி என்னைக் கெட்டிக்காரன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் படைக்காரர் அந்த ஓடைக்கரையில் மாடுகளைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஊர் திரண்டு கேட்டது: "ஆர்ரா இடத்தக் காட்டின?"

"நான்தான். இப்ப என்ன செய்யப் போறீங்க?" மாமா தலையைக் குனியவில்லை.

ஒருவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் நிண்ட தானே மனே, மெய்யா?"

"ஓம். மாமாதான்" என்றேன், உரத்த குரலில்.

அதற்குப்பின் ஒருவரும் அவரிடம் ஒரு கன்றைக்கூட ஒப்படைக்கவில்லை. தப்பி வந்த, இன்னும் கன்று ஈனாத இரண்டு நாகுகளோடு அவர் மறுபடியும் மலையேறப் புறப்பட்டார். மலையடியில் காவல் நின்ற படைக்காரர் அனுமதி வேண்டும் என்று தடுத்தார்கள். "படத்தில இல்லாத இடத்துக்கு ஆருக்கிட்ட அனுமதி கேக்கிற?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். எந்த மாடு யாருடையது என்று தூரத்தில் பார்த்தே சொல்லக்கூடிய மனிதர். அன்று விரல் வைத்தது யார் என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.